கையெழுத்து இல்லாத முத்திரை

அரசுப் பணியில் இருந்தவர்களிடம் ‘பதினேழு பி’ என்று சொன்னால் போதும், விளக்கவுரை வேண்டியதில்லை. இரவுக் காவலர் ஒருவர் பணி நேரத்தில் தூங்கினார் என்றாலும்கூட, அவரைத் தண்டிக்க வேண்டுமானால் முதலில் குற்றச்சாட்டு மெமோ. அதில் என்ன தவறு, எந்தத் தேதி, என்ன சாட்சியம் எல்லாம் இருக்க வேண்டும். பிறகு விளக்கம் எழுத அவகாசம். பிறகு விசாரணை அலுவலர். கடைசியில் ஆணை. ஆணையின் அடியில் கையெழுத்தும் பதவிப் பெயரும் இருக்கும், மேல்முறையீடு யாரிடம் செய்யலாம் என்றும் இருக்கும். தூங்கினவர் ஓய்வு பெறும் நாள் வந்துவிடும், கோப்பு பைசலாகாது என்று நாங்கள் கேலி செய்வோம். நானும் கேலி செய்தவன்தான். ஆனால் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைநிலை ஊழியர் தீர்ப்பாயம் வரை போய் ஜெயித்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் எழுதி வைத்ததால்தான் அவரால் ஜெயிக்க முடிந்தது.

இன்றைக்கு ஒரு முத்திரை ஊரெங்கும் குத்தப்படுகிறது. குத்தியவர் யார் என்று தெரியாது. மெமோ இல்லை, விளக்கம் கேட்பதில்லை. ‘முதிர்ந்த உள்ளடக்கம்’ என்று ஒரு சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் கணினி, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட், சில அலுவலகங்களின் இணைய இணைப்பு எல்லாவற்றிலும் கண்காணிப்பு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, இது பார்க்கத் தக்கது, இது தகாதது என்று பிரித்துப் போடுகிறது. அந்தப் பிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். எழுபது தாண்டியவனுக்கு ரத்த அழுத்தம் ஆகாது என்று சொல்கிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘மெச்சூர்’ என்கிறார்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு உறவான சொல் ‘மூர்’. பழம் பழுத்திருந்தால் அப்படிச் சொல்வார்கள். நம் ஊரிலும் நெல் முதிர்ந்தால் அறுவடைக்கு ஆயிற்று என்று அர்த்தம். ஆபாசத்தை ஆபாசம் என்று சொல்லாமல் ‘முதிர்ந்தது’ என்று ஏன் சொல்கிறார்கள்? ஆபாசம் என்று எழுதினால் அது ஆபாசம்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ‘முதிர்ந்தது’ என்றால் எதையும் அதற்குள் அடைக்கலாம். இந்தக் கணக்கில் நானே ஒரு முதிர்ந்த உள்ளடக்கம்தான்.

எதையெல்லாம் அடைக்கிறார்கள்? ஊகமாகச் சொல்லவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபோர்டிநெட் என்ற பெரிய நிறுவனம் தன் வடிகட்டியின் வகைப்பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. உலகெங்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் வாங்குகிற சரக்கு அது. அதில் ‘வயது வந்தோர், முதிர்ந்த உள்ளடக்கம்’ என்று ஒரு பெருந்தலைப்பு. அதன் கீழே ஆபாசப் படம் இருக்கிறது, சரி. சூதாட்டம், மது, கஞ்சா, புகையிலை, ஆயுத விற்பனை, அதுவும் சரி. அதே தலைப்பின் கீழே பாலியல் கல்வியும் இருக்கிறது. ‘மாற்று நம்பிக்கைகள்’ என்று ஒன்று. பொது விஷயங்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளுக்கு ஒன்று. இவை தனித்தனி உட்பிரிவுகள். எதைத் தடுப்பது, எதை விடுவது என்று வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பெருந்தலைப்பும் அதன் பக்கத்தில் ஒரு கட்டமும் இருந்தால், நம் அலுவலகங்களில் எத்தனை பேர் உட்பிரிவு உட்பிரிவாகப் படித்து டிக் போடுவார்கள்? தலைப்புக்கு ஒரே டிக், தீர்ந்தது வேலை. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலியல் கல்வியும் ஆபாசப் படமும் ஒரே அலமாரியில்! நம் நாட்டில் 2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க போக்சோ சட்டம் வந்தது. அதன் 43-ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை வழியாகப் பொதுமக்களுக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இடைவெளி விட்டு விட்டு எடுத்துச்சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கட்டளையிடுகிறது. நாடாளுமன்றம் குழந்தைக்கு எடுத்துச்சொல் என்கிறது. எங்கோ இருக்கிற கம்பெனி, சொன்னால் அது முதிர்ந்த விஷயம் என்கிறது. எந்த மாமா தொட்டால் கத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளக் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டுமாம்.

இந்த மென்பொருள் எப்படி மதிப்பெண் போடுகிறது என்று பேரப்பிள்ளைகளிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டு, நானும் படித்துப் பார்த்தேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய பேரேடு. இணையத்தளங்களின் பெயர்கள் ஒரு பக்கம், எந்த வகை என்பது மறுபக்கம். நிறுவனத்தின் நிரல் தளம் தளமாக ஊர்ந்து போய் அங்குள்ள சொற்களையும் இணைப்புகளையும் படங்களையும் எடுத்துவரும். முன்பே மனிதர்கள் வகை பிரித்துவைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, இது எதைப் போல இருக்கிறது என்று கணக்குப் போடும். சந்தேகமானவற்றில் கொஞ்சத்தை ஆட்கள் பார்ப்பார்கள். பிறகு பேரேட்டில் பதிவு. பெரும்பாலும் பதிவு தளத்தின் பெயருக்குத்தான், தனித்தனிப் பக்கத்துக்கு அல்ல. ஒரு வீட்டில் ஒருவனுக்கு அம்மை என்றால் தெருவுக்கே வேப்பிலை கட்டுவது போல.

பழைய முறை இன்னும் மோசம், வெறும் எழுத்துத் தேடல். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். ஊர்ப் பெயரின் நடுவில் உள்ள நாலு எழுத்து ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை. மென்பொருளுக்கு ஊர் தெரியவில்லை, வார்த்தை மட்டும் தெரிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துத் தேனி மாவட்டத்துக் கம்பத்தை வெள்ளைக்காரன் எழுதிவைத்த ஆங்கில எழுத்துக்கூட்டலை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுப் படிக்க வேண்டாம். ஒரு கெட்ட வார்த்தையும் அதன் பின்னால் பின்புறமும்! திராட்சைத் தோட்டத்துக்காரர் என்ன பாவம் செய்தார்?

படத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூவர், நிர்வாண மனிதர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் படத்தில் தோல் நிறமாக உள்ள பகுதிகளைத் தேட வேண்டும். பிறகு அவை கை கால் போலச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்றைய முறைகள் இதைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டன என்பது வாஸ்தவம். ஆனால் தோலை எண்ணித்தான் இந்தத் தொழில் ஆரம்பித்தது.

சிவகாசிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். நம் அச்சகங்கள் ஆண்டாண்டாய் அடித்து இந்தியா முழுக்க அனுப்பிய காலண்டர்களை நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் போட்ட படங்கள் இல்லாத மளிகைக்கடை உண்டா? பால முருகனுக்குச் சட்டை ஏது? வெண்ணெய் தின்னும் கிருஷ்ணனுக்கு இடுப்பில் ஓர் அரைஞாண். தோலை எண்ணுகிற கணக்கில் நம் பூஜையறைச் சுவருக்கு என்ன மார்க்கு வரும்?

தமிழ் எழுத்துக்கு வருவோம். திருக்குறளின் மூன்று பால்களில் ஒன்றுக்குப் பெயரே காமத்துப்பால். 25 அதிகாரம், 250 குறள். எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஆண்டாள் பாடியது திருப்பாவை மட்டுமா? நாச்சியார் திருமொழியும் அவள் பாடியதுதான். அதன் 143 பாசுரங்களில் சிலவற்றைப் பெரியவர்களே தணிந்த குரலில்தான் உரை சொல்வார்கள். ஆனாலும் யாரும் பூட்டி வைத்ததில்லை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் அவள் ஊர்க் கோபுரம் என்றுதான் நாங்கள் சொல்வோம், மதுரைக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும். காமத்துப்பாலை முழுவதும் போட்டிருக்கிற தளம் எந்த வகை? பாலூட்டுவது பற்றித் தாய்மார்களுக்கு எழுதிய பக்கம் எந்த வகை? ‘பால்’ என்ற ஒரு சொல் நமக்குப் பசும்பாலும் ஆகும், ஆண்பால் பெண்பாலும் ஆகும், நூலின் பகுதியும் ஆகும். தமிழ் படித்த ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் அரை நொடியில் தெரியும். பேரேட்டை எழுதுகிற இடத்தில் அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நம் தொழிலையும் சொல்லாமல் விடுவேனா? பட்டாசு விலைப்பட்டியல் ஒன்றை, சிவகாசியைக் கண்ணால் பார்க்காத ஒருவர் கையில் கொடுங்கள். அணுகுண்டு, ஒரு பெட்டிக்குப் பத்து. ஹைட்ரோ பாம், ராக்கெட், புல்லட் பாம். தீபாவளிக்குக் குழந்தைகள் கேட்டு அழுகிற சாமான் என்று அவர் நினைப்பாரா, வேறு எதையாவது நினைப்பாரா?

இது வெறும் வேடிக்கை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேத்தி பத்தாம் வகுப்பு. அறிவியல் புத்தகத்தில் ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’ என்று பாடம் இருக்கிறது. அரசு அச்சடித்துக் கொடுத்த பாடம். மாதவிடாய்ச் சுழற்சி பற்றிப் படம் வரைந்து பாகங்கள் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். டேப்லெட்டில் தேடியிருக்கிறாள். ஒரு பக்கம் திறக்கவில்லை. இன்னொன்றைத் திறந்தாள், அதுவும் இல்லை. மூன்றாவதும் இல்லை. அவள் கைவேலையாகப் புத்தகப் படத்தையே பார்த்து வரைந்து முடித்துவிட்டாள். சாயங்காலம் அவள் அப்பாவின் போனுக்கு அறிக்கை வந்தது. பிள்ளையின் பெயர், நேரம், ‘முதிர்ந்த உள்ளடக்கம், 3 முயற்சிகள்’.

‘முயற்சி’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கொலை முயற்சி, திருட்டு முயற்சி என்று போலீஸ் எழுதுகிற சொல். எந்தப் பக்கம், அதில் என்ன இருந்தது என்று அறிக்கையில் ஒரு வரி இல்லை. என் மகன் கெட்டவன் அல்ல. அலுப்போடு வீட்டுக்கு வந்தவன், போனில் சிவப்பாக இதைப் பார்த்தால் என்ன செய்வான்? கூடத்தில் எல்லோர் எதிரிலும், “என்னம்மா பாத்துக்கிட்டு இருந்த?” என்று கேட்டான். அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள், தாத்தாவும் தம்பியும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில்? அடுப்படிக்குப் போய்த் தன் அம்மாவிடம் நோட்டைக் காட்டினாள். மருமகள் நோட்டைக் கொண்டுவந்து மகன் முன்னால் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து பல நாள் அவள் அந்த டேப்லெட்டைத் தொடவில்லை. பிறகு, தேட வேண்டியதை என் போனை வாங்கித் தேட ஆரம்பித்தாள். என் போனில் வடிகட்டி கிடையாது. பாதுகாப்பு என்று காசு கொடுத்து வாங்கிய சாமான், பிள்ளையைப் பாதுகாப்பில்லாத போனுக்குத் துரத்தியது.

பக்கத்தைத் தடுத்தது ஒரு பிழை. அதைப் பிழை என்று விட்டுவிடலாம். பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சாட்சியம் காட்டாமல் ஒருவர் மேல் குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதற்கு எங்கள் காலத்தில் மொட்டைக் கடிதாசி என்று பெயர். பேர் போடாத புகாரை அப்படியே நம்பி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அலுவலகத்தில் பாலபாடம். இப்போது மொட்டைக் கடிதாசிக்கு மாதச் சந்தா கட்டி வாங்குகிறோம்.

‘வீட்டு விஷயம், உங்கள் பாடு’ என்பார்கள். நாட்டு விஷயமும் இப்படித்தான் நடந்தது. 2015 ஜூலை 31-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: இணைக்கப்பட்ட பட்டியலில் உள்ள 857 தளங்களை முடக்குக. காரணம், ஒழுக்கம், கண்ணியம். அப்போது உச்ச நீதிமன்றத்தில் ஆபாசத் தளங்களுக்கு எதிராக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குத் தொடுத்த தரப்பு கொடுத்த பட்டியல்தான் அது என்று செய்திகள் வந்தன. பட்டியல் வெளியே கசிந்ததும் பார்த்தால், சும்மா சிரிக்க வைக்கும் நகைச்சுவைத் தளமும் அதில் இருந்தது. ஊரே கத்தியது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி இன்னொரு கடிதம் வந்தது: குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் இல்லாத தளங்களை முடக்காமல் விடலாம் என்று. எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று யார் பார்ப்பது? இணைய நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

கதை முடியவில்லை. 2018 செப்டம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்த 2015 உத்தரவை நிறைவேற்றச் சொன்னது. அப்போதுதான் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பட்டியலைச் சரிபார்த்தது. 857-ல் 30 தளங்களில் ஆபாசம் எதுவுமே இல்லை. மிச்சம் 827-ஐ முடக்கினார்கள். யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்பே முடக்கச் சொல்லிக் கையெழுத்திட்ட பட்டியலை, மூன்று வருஷம் கழித்துத்தான் ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஓர் உதவியாளர் 857 பெயர் கொண்ட முதியோர் ஓய்வூதியப் பட்டியலைப் படிக்காமல் மேலே அனுப்பி, அதில் 30 பெயர் தவறு என்று பின்னால் தெரிந்தால், அவருக்குப் பதினேழு பி நிச்சயம்.

இருந்தாலும் அரசாங்கத்தை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். 2015-லும் 2018-லும் அங்கே ஒரு கடிதம் இருந்தது. தேதி இருந்தது, எண்ணிக்கை இருந்தது. 30 தவறு என்று சொல்ல முடிந்ததே அதனால்தான். இணையத்தில் எதையாவது முடக்க வேண்டுமானால் அதற்கென்று 2009-ல் விதிகள் போட்டிருக்கிறார்கள்: காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், குழு கூட வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மறு ஆய்வுக் குழு உட்கார வேண்டும். 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லும் என்றதற்கு ஒரு காரணமே இந்தப் பாதுகாப்புகள்தான். விதி சரியாக நடக்கிறதா என்பது வேறு சண்டை. சண்டை போட ஒரு விதியாவது இருக்கிறது.

நம் மதுரைக் கிளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. அதுவும் தகாத படங்களைப் பற்றிய வழக்குதான். நிறுவனம் வந்து வாதாடியது. நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் ஒருவரும் நியமிக்கப்பட்டார். ஏப்ரல் 24-ஆம் தேதி தடை நிபந்தனையோடு விலகியது. தடை சரியா, விலக்கியது சரியா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். மூன்று வாரத்தில் இரு தரப்பும் பேசி ஒரு முடிவு வந்தது.

இன்னும் கசப்பான உதாரணம் சொல்கிறேன். 2018 அக்டோபர் 23-ஆம் தேதியை சிவகாசி மறக்காது. உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கூடாது என்றது, சரவெடி கூடாது என்றது, இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்றது. எத்தனை வீட்டில் அடுப்பெரியவில்லை என்று திருத்தங்கல் பக்கம் போய்க் கேளுங்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனால் அதைத் தந்த நீதிபதிகளின் பெயர் அதில் இருக்கிறது. ஒவ்வொரு தடைக்கும் காரணம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அதனால் நம் ஆட்கள் ரயிலேறி டெல்லி போனார்கள், மனுப் போட்டார்கள், பசுமைப் பட்டாசு என்று புதிய வழி தேடினார்கள். வயிற்றில் அடித்த உத்தரவுக்கே இவ்வளவு மரியாதை இருந்தது. பிள்ளை பெயரில் குத்திய முத்திரைக்கு எந்த ஊருக்கு ரயிலேறுவது?

பிரெஞ்சுக்காரர்கள் மேல் எனக்குப் பள்ளிப் பாசம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1857-ஆம் வருஷத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒரே வருஷத்தில், பாரிசில் ஒரே அரசு வழக்கறிஞர், எர்னெஸ்ட் பினார் என்பவர், இரண்டு பெரிய எழுத்தாளர்கள் மேல் ஒழுக்கக்கேட்டு வழக்கு நடத்தினார். ஃப்ளோபேர் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காகக் கூண்டில் நின்றார், விடுதலை ஆனார். பொத்லேர் கவிதைத் தொகுப்புக்காக நின்றார். 300 ஃபிராங் அபராதம், ஆறு கவிதைகளை நீக்க உத்தரவு. முட்டாள்தனமான தண்டனை என்று எங்கள் ஆசிரியரே வகுப்பில் சொன்னார். ஆனால் எந்த ஆறு கவிதை, என்ன காரணம் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அதனால் 1949 மே 31-ஆம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றம் அதே கோப்பை எடுத்துத் தூசி தட்டி, அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 92 வருஷம்! செத்தவனுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அந்த ஆறு கவிதைகள் சாகவில்லையே.

பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆபாசம் என்று ஒதுக்கிய புத்தகங்களைப் பூட்டி வைத்த பகுதிக்கு ‘ஆன்ஃபேர்’, அதாவது நரகம் என்று பெயர். அந்த நரகத்துக்கும் எண் போட்டுப் பட்டியல் உண்டு. 1913-ல் கவிஞர் அப்பொலினேரும் நண்பர்களும் அதை அச்சிட்டே வெளியிட்டார்கள். இந்த மென்பொருள் நிறுவனங்களின் பேரேட்டை முழுதாக அச்சிட்டு யாராவது காட்டட்டும், பார்ப்போம். அது வியாபார ரகசியம்.

‘அவர்களும் மறுபரிசீலனைக்குப் படிவம் வைத்திருக்கிறார்களே’ என்று என் மைத்துனர் மகன் சொன்னான். ஆமாம், பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. தளத்தின் முகவரியை எழுதி, அவர்களுடைய வகைகளில் எது பொருத்தம் என்று நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அதற்கு முன்னால் தளத்துக்காரருக்குத் தன் மேல் முத்திரை விழுந்தது தெரிய வேண்டும். யாரும் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தில் மாற்றினால் இன்னொரு நிறுவனத்தின் பேரேட்டில் அப்படியே இருக்கும். என்ன காரணத்தால் போட்டார்கள் என்று தெரியாமல் எதை மறுத்து எழுதுவது? பொருள், பார்வை இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்வது போல இருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை முழுங்கிவிட மாட்டேன். பத்து வயசுப் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு, உலகத்தின் சாக்கடை எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள். யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது? வடிகட்டி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. காபிக்கே வடிகட்டி வேண்டியிருக்கிறது. ஆனால் 2013 டிசம்பரில் இங்கிலாந்தில் நடந்ததை அவர்கள் யோசிக்க வேண்டும். பிள்ளைகளைக் காக்க என்று இணைய நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த வடிகட்டிகளை பிபிசி சோதித்துப் பார்த்தது. பாலியல் கல்வித் தளங்களும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளமும் அடைபட்டுக் கிடந்தன. அதே நேரம் ஆபாசத் தளங்கள் சில தாராளமாக உள்ளே வந்தன. பாலை வடிகட்டச் சொன்னால் பாலை நிறுத்திவிட்டு ஈயை விட்டிருக்கிறது.

அமெரிக்காவில் மத்திய அரசின் இணைய உதவி பெறும் நூலகங்களின் கணினிகளுக்கு வடிகட்டி கட்டாயம் என்று 2000-ல் சட்டம் போட்டார்கள். வழக்கு 2003-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் செல்லும் என்றார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது: பெரியவர் ஒருவருக்குத் தடை இடைஞ்சலாக இருந்தால் நூலகரிடம் கேட்டு எடுக்கச் சொல்லலாமே. எழுந்து போய்க் கேட்க ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு மனுஷி. நான் கேட்பது அதைத்தான்.

நம் தலைமுறைக்கு சினிமா தணிக்கைச் சான்றிதழ் ஞாபகம் இருக்கும். டூரிங் டாக்கீஸில் படம் ஆரம்பிக்கும் முன் திரையில் அது வரும். படத்தின் பெயர், எத்தனை ரீல், ‘யு’வா ‘ஏ’வா, கீழே கையெழுத்து. எத்தனை ரீல் என்று பார்த்ததும் விசில் பறக்கும். தணிக்கைக்காரர்கள் செய்த கூத்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் படத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் போட்ட கையெழுத்து அது. மறுத்தால் மேலே போகலாம். சொல்லப்போனால் 1970-ல் கே. ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். இப்போது ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி 7, 13, 16 என்று வயது போட்டு வகை பிரிக்கிறார்கள். குறை சொன்னால் 15 நாளில் தீர்க்க ஓர் அலுவலர் வேண்டும் என்று விதி இருக்கிறது. பொழுதுபோக்குத் தொடருக்குக் குறைதீர்க்கும் அலுவலர் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்துக்கு இல்லை.

நம் மாவட்டத்துப் பள்ளிகளில் கட்டண ரசீதில் ‘இணையப் பாதுகாப்பு’ என்று ஒரு வரி சேர ஆரம்பித்திருக்கிறது. கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுகிற பெற்றோர், கட்டச் சொல்லி மகனுக்குப் பணம் அனுப்புகிற தாத்தாக்கள் உள்பட, பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். என்ன மென்பொருள், எந்த நிறுவனம்? எந்தெந்த உட்பிரிவுகளுக்கு டிக் போட்டிருக்கிறீர்கள், பட்டியலைக் காட்டுங்கள். பாலியல் கல்விக்கும் உடல்நலத்துக்கும் தடை இருந்தால் எடுங்கள். ஒரு பக்கம் தவறாக அடைபட்டால் எந்த ஆசிரியரிடம் சொன்னால் அன்றைக்கே திறப்பார்? பிள்ளை பெயரில் அறிக்கை அனுப்பினால், எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு, முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தமிழ்த் தளங்களுக்கு வகை போட அந்த நிறுவனத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பேத்தியின் பள்ளிக்கு நான் எழுதிவிட்டேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். அட்டை திரும்பி வந்துவிட்டது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முதல் நினைவூட்டை வரும் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.